செல்லுலோஸ் ஜெல்: மைக்ராஸ்கோப்ல தெரியுறது எது?

கேள்வி: பாலிடெக்னிக் கடைசி வருஷ புராஜெக்ட். பஞ்சு செல்லுலோஸ சோடியம் ஹைட்ராக்சைடு, யூரியா கலந்த தண்ணில கரைச்சு, கண்ணாடில ஊத்தி, ஆசிட்ல போட்டு ஜெல் எடுக்கிறேன். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல ஒரு தடவ பெரிய பெரிய ஓட்டையா இருக்கு, இன்னொரு தடவ வழவழன்னு வெறும் தகடு. எது சார் உண்மையான ஜெல்?

பதில்: ரெண்டுமே இல்லம்மா. நீங்க பாக்குறது காய வச்ச விதத்த. காத்துல காய விட்டா தண்ணி வத்தும்போது சின்ன ஓட்டைங்களோட சுவர ஒண்ணோட ஒண்ணு இழுத்து ஒட்டிடும், அந்த எடத்துல ஹைட்ரஜன் பிணைப்பு வேற உக்காந்துக்கும், திரும்ப தண்ணில போட்டாலும் பழைய மாதிரி ஊறாது, அந்த வழவழ தகடு இப்படி வந்ததாத்தான் இருக்கும். பெரிய ஓட்டை வந்தது ஃப்ரீஸ் டிரை (உறைய வச்சு, ஐஸ வெற்றிடத்துல நேரா ஆவியாக்குறது) பண்ண சாம்பிளா? அப்ப அது ஐஸ் இருந்த எடம். ஐஸ் வளரும்போது செல்லுலோஸ ஓரமா தள்ளிடும். சாதா ஃப்ரீசர்ல மெதுவா உறைஞ்சா ஓட்டை பெருசா வரும், லிக்விட் நைட்ரஜன்ல சட்டுனு உறைய வச்சா சின்னதா வரும்.

உள்ளத உள்ளபடி ஓரளவு பாக்கணும்னா தண்ணிய படிப்படியா எத்தனாலுக்கு மாத்திட்டு சூப்பர்கிரிட்டிக்கல் கார்பன் டை ஆக்சைடுல காய வைங்க, 31 டிகிரி சூடு, 74 பார் அழுத்தம் தாண்டிட்டா திரவம் வாயுன்னு பிரிவே இல்ல, அதனால சுவர இழுக்கவும் ஒண்ணுமில்ல. மெஷின் கிடைக்கலையா, டெர்ட்-பியூட்டனால்ங்கிற ஆல்கஹாலுக்கு மாத்தி ஃப்ரீஸ் டிரை பண்ணுங்க, பரவால்லாம வரும்.

காய வைக்கிறத ஒரே முறையா வச்சப்புறம்தான் தயாரிப்ப ஒப்பிடவே முடியும். ஆசிட் பக்கம் வேகமா கெட்டியாகி அடர்த்தியா தோல் மாதிரி பிடிக்கும், நடுப்பகுதி லூசா இருக்கும், கண்ணாடி பக்கம் கண்ணாடியோட வழவழப்ப அப்படியே வாங்கிக்கும். எந்தப் பக்கம்னு குறிக்காம படம் எடுத்தா வேஸ்ட். உள்ள பாக்க பிளேடால வெட்டாதீங்க, நசுங்கிடும், லிக்விட் நைட்ரஜன்ல முக்கி ஒடைங்க. மேல மணல் மணலா ஏதாச்சும் தெரிஞ்சா புது கண்டுபிடிப்புன்னு குதிக்க வேணாம், பெரும்பாலும் சரியா கழுவாத உப்புதான்!

நம்ம ஊரு சூட்டையும் கணக்குல வைங்க. 7% சோடியம் ஹைட்ராக்சைடு, 12% யூரியாவ மைனஸ் 12 டிகிரிக்கு குளிர வச்சு கரைக்கிற கரைசல் சூடாக ஆக தானாவே ஜெல்லாகிடும், ராத்திரி ஏர்கான் ஆஃப் பண்ற லேப்ல விட்டுட்டுப் போனா காலைல நீங்க ஆசிட்ல போடுறது பாதி கட்டுன வலை, அதோட அமைப்பே வேற. ஐஸ்ல வச்சு அன்னைக்கே ஊத்திடுங்க. காஞ்ச சாம்பிள் இந்த ஈரக்காத்துல சீக்கிரம் ஈரம் இழுக்கும், எடுத்தவொடனே டிரை கேபினெட்ல போட்டு, சீக்கிரமா மைக்ராஸ்கோப்புக்கான கோல்ட் கோட்டிங் (மெல்லிசா தங்கப் பூச்சு) குடுத்துடுங்க.