செவிலியர் அக்காவிடம் கேளுங்கள்: நோயாளிகள் நம்மை நம்ப என்ன செய்வது?

பாம்பன், மண்டபம் பக்கம் 22 வருடமாகச் செவிலியர் வேலை. வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (புதுச் செவிலியர், மண்டபம்): அக்கா, கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரையை வாங்கிப் போய் அப்படியே வைத்துவிடுகிறார்கள். கேட்டால் சாப்பிட்டேன் என்று பொய் சொல்கிறார்கள்.

பதில்: பொய் இல்லைம்மா, திட்டு விழுமே என்ற பயம். மலம் கருப்பாகப் போகும் என்று முதல் நாளே சொன்னீர்களா? சொல்லாவிட்டால் மூன்றாம் நாள் அதைப் பார்த்துப் பயந்து, மாமியாரிடம் சொல்லி, மாத்திரை பரணுக்குப் போய்விடும். "கருப்பாத்தான் போகும், ஒண்ணும் ஆகாது, குமட்டுனா ராத்திரி சாப்பிட்டுட்டுப் போடு, டீயோட மட்டும் வேண்டாம்" என்று சொல்லி அனுப்புங்கள். நீங்கள் சொன்னபடியே நடந்தால், அடுத்து நீங்கள் சொல்வதையும் அந்தப் பெண் கேட்பாள். 180 நாள் சாப்பிட வேண்டிய மாத்திரை, முதல் நாள் பேச்சில்தான் எல்லாமே இருக்கிறது.

கேள்வி (கடல்பாசி எடுக்கும் பெண்): காலில் புண் என்று போனால் கடலுக்குப் போகாதே என்கிறார்கள். அதனாலேயே காட்டுவதில்லை.

பதில்: நானும் அப்படிச் சொன்னவள்தான். சர்க்கரை உள்ள ஒரு ஆத்தா, பாசி எடுக்கக் கைவிரலில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்காமல் நேராகக் கரையிலிருந்து வந்து பாதத்தைக் காட்டினார், பாறை கிழித்த புண். நான் கத்திவிட்டேன். ஒரு மாதம் அவர் வரவே இல்லை, வந்தபோது பெருவிரல் கருத்திருந்தது. அந்த விரலை எடுக்க வேண்டியதாயிற்று, இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை. அதிலிருந்து "எத்தனை நாள் போகாம இருக்க முடியும் ஆத்தா?" என்றுதான் முதலில் கேட்கிறேன். நாலு நாள் என்றால் நாலு நாள், ஐந்தாம் நாள் காலையில் நானே கட்டுப் பிரித்துப் பார்ப்பேன் என்று சொல்லி, சொன்ன நேரத்துக்கு அங்கே இருப்பேன். உங்களுக்குச் சர்க்கரை இருந்தால் தயவுசெய்து நாளைக்கே காட்டுங்கள், வலி இல்லை என்று விட்டுவிடாதீர்கள், சர்க்கரையில் உணர்ச்சி மரத்துப்போய் வலி தெரியாமலும் இருக்கும்.

கேள்வி (கீழக்கரை): என் உம்மா (அம்மா) செவிலியரிடம் வாய் திறந்து எதுவும் சொல்வதில்லை.

பதில்: தம்பி, நீங்கள் கொஞ்ச நேரம் வெளியே நில்லுங்கள். பிள்ளை முன்னால் சொல்ல முடியாதது எத்தனையோ இருக்கும்.

கேள்வி (தங்கச்சிமடம்): வீட்டுக்காரரை இலங்கைக் கடற்படை பிடித்துப் போனதிலிருந்து எனக்குப் பிரஷர் 150/100 என்கிறார்கள். உப்பைக் குறை என்பதோடு சரி, வேறு பேச்சே இல்லை.

பதில்: உப்பைக் குறைக்கத்தான் வேண்டும், ஆனால் உங்கள் வருத்தத்தைக் கேட்காமல் அதை மட்டும் சொன்னது தப்பு. அடுத்த தடவை போனதும் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு அளக்கச் சொல்லுங்கள், ஓடி வந்த மூச்சோடும் அழுத கண்ணோடும் அளந்தால் கூடத்தான் காட்டும். வேறு வேறு நாளில் பார்த்தும் 140/90க்குக் குறையாவிட்டால் டாக்டர் தரும் மாத்திரையை விடாமல் போடுங்கள். இது செவிலியர்களுக்கு: இந்த ஊரில் பிரஷர் பட்டையைக் கையில் சுற்றும்போதே "படகு கரைக்கு வந்திருச்சா?" என்று கேளுங்கள், கேட்டுவிட்டு அவர் சொல்லி முடிக்கும்வரை பம்பை அமுக்காதீர்கள்.