நேட்டாலுக்குக் கப்பலேறிய முன்னோரைத் தேடுவது எப்படி?

தென்னாப்பிரிக்காவுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போன முன்னோரின் ஊரை இன்று கண்டறிய இயலுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இயலும். ஆனால் பெயரை மட்டும் நம்பித் தேடினால் வழி தவறிவிடும் என்பதை என் கொள்ளுத்தாத்தாவின் அண்ணனைத் தேடியபோது அறிந்தேன்.

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல் நவம்பர் 16 அன்று, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலுள்ள டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று முதல் 1911 வரை நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்ட 1,52,184 பேருக்கும் வரிசை எண் இடப்பட்டது. கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேராகப் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடலிலுள்ள தழும்பு வரை எழுதியிருப்பார்கள். பிற்கால அரசுப் பதிவுகளிலும் ஒருவரை அந்த எண்ணாலேயே குறித்தார்கள் என்பதால், அங்குள்ள உறவினர் எவரிடமேனும் பழைய தாள் இருந்தால் முதலில் எண்ணைக் கேளுங்கள். பெயர்களோ காதில் விழுந்தபடி எழுதப்பட்டவை. முனுசாமி மூன்சாமி ஆனார், முதலி மூட்லி ஆயிற்று, தந்தையின் பெயரே பல வீடுகளில் குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது.

எண் கிடைக்காதவர்களுக்கு வீட்டுப் பேச்சுதான் துணை. "தாது வருஷப் பஞ்சத்துல நெட்டாலுக்குப் போனவர் திரும்பல" என்று தன் மாமனார் சொல்லக் கேட்டதாகப் பாட்டி சொல்வார். தாது வருடம் 1876 சித்திரையில் பிறந்தது, பஞ்சம் 1878 வரை நீடித்தது. ஆகவே அந்த ஒரு வாக்கியம், ஐம்பதாண்டுக் காலக் கப்பல்களிலிருந்து இரண்டு மூன்று ஆண்டுகளின் கப்பல்களுக்கு என் தேடலைச் சுருக்கித் தந்தது. பெரியவர்கள் வருடத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால், அதைத் தவறாமல் எழுதி வையுங்கள்.

ஊரைப் பொருத்திப் பார்க்கும்போது அக்கால எல்லைகளை நினைவில் கொள்ள வேண்டும். பட்டியல்களில் அடிக்கடி வரும் வட ஆர்க்காடு ஜில்லாவில் அன்று சித்தூரும் அடங்கியிருந்தது. அது 1911இல் தனி மாவட்டமாகி இப்போது ஆந்திரத்தில் இருக்கிறது. எங்கள் போளூர்ப் பகுதியோ 1989 முதல் திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்றைய மாவட்டப் பெயரைக் கொண்டு தேடிய நான் பல மாதங்களை வீணாக்கினேன்.

கதையாக எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். முதலாண்டில் மாதம் பத்து ஷில்லிங் கூலிக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் போனவரை, வாணிபம் செய்யப் போனவர் என்று கௌரவத்துக்காக மாற்றிச் சொல்லும் குடும்பங்கள் உண்டு; எங்கள் குடும்பத்திலும் அப்படி ஒரு பேச்சு இருந்தது. பசியால் ஊரை விட்டதில் இழிவு எதுவும் இல்லை, அதை மறைப்பது அவருக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன். அவருடைய முகம் எப்படி இருந்தது என்று சொல்ல இன்று எவரும் இல்லாத நிலையில், எழுத்தர் குறித்த உயரமும் தழும்பும்தான் அவரைப் பற்றி எஞ்சிய சித்திரம். அந்த வரியை உள்ளபடியே படியெடுத்து எழுதுங்கள்.

என் தேடலில், அதே தாலுகாவிலிருந்து அதே ஆண்டுகளில் போன, அதே பெயருடைய மூவர் அகப்பட்டார்கள். எங்களவர் யார் என்று துணிந்து சொல்லச் சான்று கிடைக்கவில்லை. அதனால் குடும்பக் குறிப்பேட்டில் மூவரின் எண்களையும் தழும்புகளையும் எழுதி வைத்திருக்கிறேன்.