அரசு இணையதளம்: கரையோரக் கேள்விகளும் பதில்களும்

பாம்பன், விசைப்படகு உரிமையாளர்: மதிய வெயில்ல போனைப் பார்த்தா துறையோட இணையப் பக்கத்துல எழுத்தே தெரியல. கண்ணு கோளாறா?

கண்ணில் கோளாறு இல்லை அண்ணே. வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து வீட்டுக்குள் தெரியும், கரையில் தெரியாது. இணையப் பக்கங்கள் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்பதற்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற உலக நெறி எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு கேட்கிறது. வெயிலில் தொழில் செய்பவர்களுக்கு அதன் உயர்நிலையான 7:1தான் வேண்டும்.

கீழக்கரை, பார்வையற்ற மாணவி: உதவித்தொகை அறிவிப்பைத் திறந்தால், போனில் திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக் எதையுமே படிப்பதில்லை.

தாளில் அச்சடித்து, கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து ஏற்றியிருப்பார்கள் தங்கச்சி. நமக்கு அது அறிவிப்பு. திரைவாசிப்பானுக்கு வெறும் புகைப்படம். பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு என்றால் இன்னும் மோசம்: ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவம் உட்கார்ந்திருப்பதால் உளறலாகக் கேட்கும். எல்லாக் கருவிக்கும் புரியும் யூனிகோடு முறையில் நேரடியாக எழுதினால் இரண்டும் தீரும். எழுத்தைப் படமாகப் போடாதீர்கள் என்று எல்லா அலுவலகத்திலும் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். இது சலுகை இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு உங்கள் பக்கம் இருக்கிறது. டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இரண்டையும் குறிப்பிட்டு மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு மனு எழுதுங்கள்.

தொண்டி: ரேஷன் அட்டையில் பெயர்ப் பிழை?

வட்ட வழங்கல் அலுவலகத்தில் கேளுங்கள்.

தங்கச்சிமடம், இ-சேவை மையம்: ஓடிபி வீட்டுக்காரர் நம்பருக்குப் போகுது. அவர் கடல்ல இருக்கார், நாளைக்குத்தான் வருவார். அந்த அக்காவுக்கு என்ன சொல்ல?

நிரப்பியதைச் சேமித்து, நாளை ஓடிபி மட்டும் போட்டு முடிக்கும் வசதி படிவத்தில் இருந்திருக்க வேண்டும். எந்த நம்பருக்கு ஓடிபி போகும் என்று முதல் பக்கமே சொல்லியிருந்தால், அந்த அக்கா ஒரு நாள் கூலியை விட்டு வந்திருக்க மாட்டார். ஆதாரில் அவருடைய சொந்த நம்பரைச் சேர்க்கச் சொல்லுங்கள். ‘மீன்பிடிக் கலன் வகை’ என்ற கேள்வியிலும் பலர் திகைத்து நிற்பார்களே? வல்லம், வத்தை என்று படகின் பெயரைச் சொல்லிக் கேட்டால் உடனே சொல்வார்கள்.

தேவிபட்டினம், தமிழாசிரியர்: அரசே கொச்சையில் எழுதலாமா?

வத்தை கொச்சை இல்லை ஐயா, கடல் தொழிலின் கலைச்சொல்.

அதே ஆசிரியர்: ஊருக்கு ஊர் சொல் மாறுமே. பொதுச்சொல் இல்லாவிட்டால் பதிவேடு எப்படி நிற்கும்?

நியாயமான கேள்வி. பதிவேட்டில் கலன் இருக்கட்டும். கேள்வியில் கரைச்சொற்களும் படகின் படமும் பக்கத்தில் வரட்டும். எந்தச் சொல் என்று நானும் நீங்களும் முடிவு செய்ய வேண்டாம். ஐந்து மீனவர்களிடம் படிவத்தைக் கொடுத்து, எங்கே கை நிற்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்போம். நீங்கள் வருவதானால் நானும் வருகிறேன்.

மண்டபம்: அறிவிப்பை ஸ்கேன் செய்து போட்டால் போதாதா?

போதாது. கீழக்கரைத் தங்கச்சிக்கு எழுதியதைப் படியுங்கள்.

ராமேஸ்வரம்: இணையதள முகப்பில் ஓடும் படங்கள் போடலாமா?

வேண்டாம். மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள், மூவருக்கும் இதே பதில்தான்.

ஏர்வாடி: மீன்பிடித் தடைக்கால நிவாரணம்னு வாட்ஸ்அப்பில் லிங்க் வருது. நம்பலாமா?

ஏப்ரல் 15 முதல் 61 நாள் வருமானம் நிற்கும் நேரம் பார்த்து வரும் லிங்கை நம்பாதீர்கள். முகவரியில் https:// என்பதற்கு அப்புறம் வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் ‘.ஜிஓவி.இன்’ (.gov.in) என்று முடிய வேண்டும். நடுவில் இருந்தால் கணக்கில் இல்லை. வங்கி விவரம் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு சைபர் மோசடி உதவி எண் 1930க்கு இப்போதே பேசுங்கள்.