செட்டிநாட்டு வீட்டிலிருந்து நெபுலா படம்: தொலைநோக்கியை எங்கே வைப்பது?

கேள்வி: காரைக்குடியில் எங்கள் பழைய வீட்டில் 130 மி.மீ. நியூட்டோனியன் தொலைநோக்கி (கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் வகை, குவியத் தூரம் 650 மி.மீ.), மோட்டார் வைத்த ஈக்வடோரியல் மவுன்ட் (வானத்தின் சுழற்சியோடு தொலைநோக்கியைத் திருப்பும் தாங்கி), சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமரா இருக்கின்றன. வளவில் (வீட்டின் நடுமுற்றத்தில்) வைத்தே நெபுலாக்களை, அதாவது விண்வெளியின் வாயு, தூசு மேகங்களைப் படம் எடுக்கலாமா?

பதில்: கருவி போதும், வளவு வேண்டாம். அங்கே தலைக்கு மேல் ஒரு துண்டு வானம்தான் தெரியும். பகலெல்லாம் காய்ந்த ஓடுகள் இரவிலும் வெகுநேரம் சூட்டை விடுவதால் நட்சத்திரங்கள் நடுங்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் துருவ நட்சத்திரம். காரைக்குடியின் அட்சரேகை சுமார் 10 பாகை என்பதால், அதுவும் அடிவானத்திலிருந்து 10 பாகை உயரத்தில்தான் நிற்கும். ஒரு சுவரோ தென்னையோ போதும் மறைக்க. மவுன்டின் அச்சு வானத்தின் வடதுருவத்தை, அதாவது துருவ நட்சத்திரத்தை ஒட்டிய புள்ளியை, நோக்கி நிற்க வேண்டும். அது பிசகினால் எந்தக் கேமராவாலும் படத்தைக் காப்பாற்ற முடியாது. ஆகவே பின்கட்டைத் தாண்டி வடக்கு திறந்த மண்தரை இருந்தால் அதுதான் முதல் தேர்வு. இல்லையென்றால் மொட்டை மாடி, தளம் சூடு ஆறிய பிறகு.

துருவ நட்சத்திரம் தெரியாவிட்டாலும் வழி உண்டு. உச்சி வானில் தெற்கு வடக்கான கோட்டருகே, வான நடுக்கோட்டை (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் வரும் கோடு) ஒட்டிய ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து, மோட்டாரை ஓடவிட்டுக் கவனியுங்கள். அது தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே திரும்பியிருக்கிறது. வடக்கே நழுவினால் மேற்கே. பிறகு கிழக்கே தாழ்வாக உள்ள ஒன்றைப் பாருங்கள்: தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே என்றால் உயர்ந்திருக்கிறது. பொறுமை வேண்டும், ஆனால் இந்த நேரம் வீண்போகாது.

சரி, எதை எடுப்பது? முதலில் ஓரியன் நெபுலா. பொங்கலை ஒட்டி இரவு பத்து மணிவாக்கில் 75 பாகை உயரத்தில் நிற்கும். அமாவாசை பக்கமாகப் பாருங்கள். ஐஎஸ்ஓ 800 அல்லது 1600, ரா ஃபைல் (கேமரா சுருக்காத மூலக் கோப்பு), 20 விநாடி வீதம் நூறு படங்கள். நடுப்பகுதி வெளுத்துப்போகும் என்பதால் 2, 3 விநாடிப் படங்களும் கொஞ்சம் எடுங்கள். முடிந்ததும் மூடியைப் போட்டு, அதே நேர அளவில் இருபது 'டார்க்' படங்கள். நம் ஊர்ச் சூட்டில் சென்சாரின் இரைச்சல் (படத்தில் விழும் தேவையற்ற புள்ளிகள்) அதிகம்; அதைக் கழிக்கத்தான் இந்தப் படங்கள், இதைத் தவிர்க்கவே கூடாது. எல்லாவற்றையும் சிரில் என்ற இலவச மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: சில நியூட்டோனியன்களில் கேமரா மாட்டினால் ஃபோகஸ் கிடைக்காது. குழாயின் அடியில் உள்ள முதன்மைக் கண்ணாடியைச் சற்று முன்னே நகர்த்தினால் சரியாகும்.

அப்புறம், தெற்கை மறந்துவிடாதீர்கள். டெல்லியில் அடிவானத்தை விட்டு இரண்டு பாகைகூட எழாத கரினா நெபுலா, இங்கே ஏப்ரல் நடுவில் இரவு ஒன்பதரை மணிவாக்கில் 20 பாகை உயரத்துக்கு வரும். ஓரியனைவிடப் பெரியது; உங்கள் கேமராவின் சட்டத்தையே நிறைத்துவிடும். அதற்கும் சேர்த்து, தெற்கும் திறந்த இடமாகவே பாருங்கள்.