கணவரின் விந்தில் உயிரணு 'நில்' (ஒன்றுகூட இல்லை), டோனர், அதாவது வேறொருவரின் உயிரணுதான் வழி என்கிறார்கள். வேறு வழியே இல்லையா?

இருக்கலாம் சகோதரி. முதலில் ஒன்று சொல்லுங்கள்: உங்கள் கணவரை எந்த டாக்டராவது கை வைத்துப் பரிசோதித்தாரா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். ரிப்போர்ட்டைப் பார்த்த கையோடு டோனர் என்று சொல்லியிருப்பார்கள். எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

உயிரணு நில் என்றால், விரையில் உற்பத்தியே இல்லாமல் இருக்கலாம். அல்லது உற்பத்தி நன்றாக நடந்தும் வெளியே வரும் குழாய் அடைத்திருக்கலாம். எனக்கு இரண்டாவது. விந்து வழக்கம்போலத்தான் வந்தது. அதில் பெரும்பங்கு விந்துப்பையிலும் புராஸ்டேட்டிலும் சுரக்கிற நீர் என்பதால், என்னைப்போல் குழாய் அடைத்தவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

இது தெரியும் முன் என் மனைவிக்குச் செய்யாத சோதனை இல்லை. கருக்குழாய் எக்ஸ்ரே, லேப்ராஸ்கோப்பி, மாதாமாதம் ஸ்கேன். சில நூறு ரூபாயில் முடிகிற விந்துப் பரிசோதனையை யாரும் முதலில் எழுதித் தரவில்லை. அந்த நாட்களில் என் பெரியம்மா வீட்டு வளைகாப்பில், வளையல் போட வந்த என் மனைவியை "நீ கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்றார்கள். கேட்ட கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான். ஆனால் குறை என்னிடம் என்று தெரிந்த பிறகும் அவளிடம் ஒருவர்கூட வருத்தம் தெரிவிக்கவில்லை. எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

அப்புறம் மதுரையில் ஆண்களுக்கென்றே பார்க்கும் ஒரு டாக்டரிடம் போனோம். இரண்டு பக்க இடுப்பு மடிப்பிலும் இருந்த தழும்பைப் பார்த்து, "சின்ன வயசுல ஹெர்னியா ஆபரேஷனா தம்பி?" என்றார். விரையின் அளவு சரியாக இருந்தது, அதன்மேல் ஒட்டியிருக்கும் எபிடிடிமிஸ் (உயிரணு தங்கி முதிரும் சுருள்குழாய்) உப்பியிருந்தது. உயிரணு உற்பத்தியைத் தூண்டும் எஃப்எஸ்ஹெச் ஹார்மோன் நார்மல், விந்துப்பையில் சுரக்கும் சர்க்கரையான ஃபிரக்டோஸும் விந்தில் இருந்தது. ஆக உற்பத்தி நடக்கிறது, விந்துப்பையும் வேலை செய்கிறது, தழும்பு இருக்கும் இடத்தில்தான் அடைப்பு என்றார். அந்த ஆபரேஷனில்தான் விந்துக்குழாய் அடிபட்டிருக்கிறது. ஆனாலும் அந்த சர்ஜனை நான் திட்டவில்லை. குழந்தைக்கு அந்தக் குழாய் நூல்போல இருக்குமாம்.

இந்த மாதிரி அடைப்பில் குழாயின் முனைகள் விலகிப் போயிருக்கும், சேர்த்துத் தைப்பது கடினம். அதனால் மரத்துப்போக ஊசி போட்டு, எபிடிடிமிஸிலிருந்தே சிறு ஊசியால் உயிரணுவை எடுத்தார்கள். பீசா என்பார்கள். பிறகு இக்சி: ஒரு முட்டைக்குள் ஒரே ஓர் உயிரணுவைச் செலுத்துவது. 1992-இல் பெல்ஜியத்திலிருந்து வெளிவந்த முறை இது. எங்கள் மகள் இப்போது எல்கேஜி.

உங்கள் கணவருக்கும் இதேதான் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. அடைப்பு எபிடிடிமிஸில் என்றால் மைக்ரோ சர்ஜரியில் இணைக்கலாம். விந்தின் அளவே குறைந்து ஃபிரக்டோஸும் இல்லையென்றால், விந்து வெளியேறும் நாளத்தில் அடைப்பா என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். சிலருக்குப் பிறவியிலேயே இரண்டு பக்கமும் விந்துக்குழாய் இருக்காது. கை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். அப்படி இருந்தால் இக்சிக்கு முன் நீங்கள் இருவரும் சிஎஃப்டிஆர் (சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயோடு தொடர்புள்ள மரபணு) மரபணுச் சோதனை செய்தே ஆகவேண்டும், சிறுநீரகத்தையும் ஸ்கேன் செய்யவேண்டும். எஃப்எஸ்ஹெச் நார்மலாக இருந்தும் உற்பத்தி நின்றுபோனவர்கள் உண்டு, எனவே ஒரு எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

லேகியத்தில் குணமாகும் என்று கீழே யாராவது எழுதுவார்கள். சித்த மருத்துவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தழும்பு விழுந்து மூடிய குழாயை எந்த மருந்தும் திறக்காது, அது அலோபதி மாத்திரைக்கும் பொருந்தும்.

டோனர் வழியில் பிள்ளை பெற்றவர்களை நான் குறைவாகச் சொல்லவில்லை. பரிசோதிக்காமலே அதைச் சொல்வதுதான் தவறு. இன்னொரு முறை விந்தைக் கொடுத்து, ஒன்றிரண்டு உயிரணுவாவது இருக்கிறதா என்று மையவிலக்கியில் (வேகமாகச் சுழற்றும் கருவி) சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டுடன் ஆண்ட்ராலஜிஸ்ட் (ஆண்களுக்கென்றே பார்க்கும் டாக்டர்) ஒருவரைப் பாருங்கள். உங்கள் வயது 35-ஐ நெருங்கினால் தள்ளிப்போடாதீர்கள். உயிரணு எடுக்கும் நாள் வந்தால், மிச்சத்தை உறையவைத்துத் தருவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது முறை ஊசி வேண்டாமல் போகலாம்.