புதுக் கண்ணாடி போட்டால் தரை ஏன் சாய்கிறது? குன்னூர் கடைக்காரரிடம் கேள்வி பதில்

குன்னூரில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். பவர் பார்ப்பதும் நான்தான். லென்ஸ், பிரேம் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். கண்ணுக்குள் இருக்கிற கோளாறுகளுக்கு மட்டும் கண் டாக்டரிடம் போய்விடுங்கள்.

கோத்தகிரி: முதல்முறையாக சிலிண்டர் பவர் போட்டிருக்கிறேன். தரை ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரிகிறது. தோட்டத்துப் படியில் கால் தடுமாறுகிறது. பவர் தப்பா?

பெரும்பாலும் தப்பாக இருக்காது அம்மா. சாதாரண பவர், பார்ப்பதை எல்லாத் திசையிலும் ஒரே அளவில் பெரிதாக்கும் அல்லது சிறிதாக்கும். சிலிண்டர் என்பது கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் பவர். அது ஒரு திசையில் ஒரு மாதிரி, இன்னொரு திசையில் வேறு மாதிரி. பவர் சீட்டில் ஆக்சிஸ் என்று ஒரு எண் இருக்கும், பாருங்கள். சிலிண்டர் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று காட்டும் எண் அது. அது 90 அல்லது 180 பக்கம் இருந்தால் ஆட்கள் கொஞ்சம் ஒல்லியாகவோ குட்டையாகவோ தெரிவதோடு சரி. 45, 135 பக்கம் இருந்தால் கதவு நிலையே சாயும், மேசை சரியும். மூளை இதைக் கற்றுக்கொண்டு நேராக்கிவிடும். சிலருக்குச் சில நாள், சிலருக்கு இரண்டு வாரம்.

காலையில் எழுந்ததும் புதுசைப் போடுங்கள். பழசை இடையிடையே மாற்றிப் போட்டால் மூளை கற்றதெல்லாம் வீண். இரண்டு வாரம் ஆகியும் சாய்வு குறையவில்லை என்றால் சும்மா பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள். வாங்கிய கடையில் ஆக்சிஸ் சரியாக வெட்டியிருக்கிறதா, இரண்டு கண்மணிகளுக்கு நடுவே உள்ள தூரம் சரியாக எடுத்திருக்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். பிரேம் ஒரு பக்கம் இறங்கியிருந்தாலும் இதே தொல்லை வரும்.

ஊட்டி: வயது 46. புரோகிரசிவ் வாங்கினேன். கார் ஓட்டும்போது சைடு மிரர் மங்கல், படி இறங்கினால் படியே மிதக்கிறது.

இந்த லென்ஸில் மேலே தூரப் பார்வை, கீழே படிக்கிற பவர், நடுவில் இரண்டையும் இணைக்கும் ஒரு குறுகிய பாதை. அந்தப் பாதையின் இரு ஓரமும் மங்கலாகத்தான் இருக்கும். எவ்வளவு விலை கொடுத்தாலும் மங்கல் குறையுமே தவிர முழுக்கப் போகாது. அதனால் கண்ணை மட்டும் ஓரத்துக்கு உருட்டாதீர்கள், மூக்கையே அந்தப் பக்கம் திருப்புங்கள். படியில் முகவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, லென்ஸின் மேல் பாதி வழியாகப் பாருங்கள். முதல் வாரம் கல்லட்டி பக்கம் வண்டியை எடுக்கவே வேண்டாம். அங்கே 36 கொண்டை ஊசி வளைவு. கண்ணாடி பழகுகிற இடமா அது?

லவ்டேல்: தலை லேசாகச் சுற்றுகிறது. மத்தியானம் மட்டும் பழைய கண்ணாடி போடலாமா?

கூடாது. காரணம் மேலே இருக்கிறது.

மஞ்சூர்: பையனுக்கு 9 வயது, முதல் கண்ணாடி. பழகுமா?

உங்களுக்கு முன்னால் அவன் பழகிவிடுவான்.

குன்னூர் டாக்ஸி ஓட்டுநர்: வெயில் பட்டால் கறுக்கும் என்று சொல்லி ஒரு கண்ணாடி கொடுத்தார்கள். மேட்டுப்பாளையம் இறங்கும்வரை கறுக்கவே இல்லை. ஏமாற்று வேலைதானே?

குந்தா எஸ்டேட் மேஸ்திரி: அண்ணன் சொல்வது தப்பு. அதே மாதிரிக் கண்ணாடி எனக்கு வெயிலே இல்லாமல் கறுக்கிறது. இலை எடை போடும் கொட்டகைக்குள் போனால் தராசு முள்ளே தெரியவில்லை.

சண்டை வேண்டாம், இரண்டு பேர் சொல்வதும் சரி. அந்த லென்ஸ் கறுப்பது வெளிச்சத்துக்கு அல்ல, புற ஊதாக் கதிருக்கு. காரின் முன்கண்ணாடி அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. டாக்ஸிக்குள் கறுக்காததற்கு அதுதான் காரணம். மேஸ்திரி திறந்தவெளியில் நிற்கிறார். மேகத்தையும் தாண்டி அந்தக் கதிர் வரும். 1,000 மீட்டர் ஏற ஏற ஏறக்குறைய பத்து சதவீதம் கூடும். ஊட்டியே 2,200 மீட்டருக்கு மேல். இன்னொன்று, குளிரில் அந்த லென்ஸ் அதிகமாகக் கறுக்கும், வெளுக்க அதிக நேரம் எடுக்கும். கீழே கோயம்புத்தூரில் சட்டென்று வெளுப்பது நம் ஊரில் மெதுவாகத்தான் வெளுக்கும்.

டாக்ஸி ஓட்டுநர்: அப்போ கடைக்காரர் இதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டாமா?

வேண்டும்.

கூடலூர்: சுகர் இருக்கிறது. போன மாதம் எடுத்த பவர் இப்போது ஒத்துவரவில்லை.

சுகர் ஏறி இறங்கினால் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸில் நீரின் அளவு மாறி, பவரும் மாறும். சுகரைக் கட்டுக்குள் கொண்டுவந்து, சில வாரம் நிலையாக இருந்தபின் பவர் பாருங்கள். அதற்கு முன் செய்தால் காசுக்குத்தான் கேடு. விழித்திரைப் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள்.

அருவங்காடு: பழைய கண்ணாடியில்தான் டிவி தெளிவாக இருக்கிறது. டிவிக்கு மட்டும்...

ஐயா, மேலே இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. டிவிக்கும் சேர்த்துத்தான்.

கேத்தி: ஒரு கண்ணில் திடீரென்று மின்னல் மாதிரி வெட்டுகிறது, கறுப்புப் புள்ளிகள் மிதக்கின்றன. புதுக் கண்ணாடியாலா?

கண்ணாடியால் அல்ல. இன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள், நாளை வேண்டாம்.

டாக்ஸி ஓட்டுநர்: சரி சார், நான் இப்போ எதைத்தான் வாங்குவது?

வண்டிக்குச் சாதாரண வெள்ளைக் கண்ணாடி, ரிஃப்ளெக்ஷன் அடிக்காத கோட்டிங்கோடு. வெயிலுக்கு அதே பவரில் தனியாக ஒரு கூலிங் கிளாஸ். பர்லியார் தாண்டி மூடுபனி வந்தால் கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு வெள்ளையைப் போடுங்கள், அதுவும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு.