எந்தச் சீரகம்?

வணக்கம்.
யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி அவர்கள் வீட்டுக் கறித்தூளுக்குக் குறிப்பு அனுப்பியிருக்கிறாள். நற்சீரகம், பெருஞ்சீரகம் என்று இரண்டு எழுதியிருக்கிறாள். எங்கள் மளிகைக் கடையில் பெருஞ்சீரகம் கேட்டதற்குக் கருஞ்சீரகத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அதையே போடலாமா? கறுவா என்பது பட்டைதானே?
ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

போட்டுவிடாதீர்கள், தூள் கசக்கும். தோழி சொல்கிற பெருஞ்சீரகம் நம்முடைய சோம்பு. நற்சீரகம் நாம் ரசத்துக்குத் தட்டிப்போடும் அதே சீரகம். மலையாளத்திலும் சோம்புக்குப் பெருஞ்சீரகம் என்றுதான் பெயர். நாட்டு மருந்துக் கடையில் இந்தப் பெயரைச் சொன்னால் சரியாக எடுத்துத் தருவார்கள்; மளிகைக் கடையில் சோம்பு என்றே கேளுங்கள்.

சீரகம், சோம்பு, கொத்தமல்லி, ஓமம் எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். கருஞ்சீரகத்துக்கு அங்கே இடமில்லை, பெயரில் மட்டும்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சீரகத்திலும் சோம்பிலும் நீளவாக்கில் வரி ஓடும். கருஞ்சீரகம் வரியில்லாமல், கறுத்து, முனை முனையாக இருக்கும். வடக்கே ‘நான்’ என்ற ரொட்டியின் மேல் தூவுகிறார்கள். நம் பக்கம் அது பெரும்பாலும் மருந்துச் சரக்கு.

பெரிய வம்பு இனிமேல்தான். இந்திச் சமையல் குறிப்பில் வரும் காலா ஜீராவைத் தமிழில் கருஞ்சீரகம் என்றே எழுதிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் காஷ்மீர், இமாசல மலைகளில் விளைகிற மெல்லிய சீரகம், பிரியாணிக்குப் போடுவது. ஷாஹி ஜீரா என்றால் கிடைக்கும். கருஞ்சீரகத்துக்கு இந்தியில் கலோஞ்சி. ஆனால் வங்காளத்தில் காலோ ஜீரே என்றால் கருஞ்சீரகமேதான்! ஆகவே குறிப்பு எந்த ஊருடையது என்று பார்க்காமல் கடைக்குக் கிளம்பாதீர்கள்.

கறுவா பட்டைதான். ஆனால் நம் கடைகளில் விற்கும் தடித்த பட்டை பெரும்பாலும் காசியா என்ற வேறு மரத்தினுடையது. உறைப்பும் மணமும் தூக்கலாக இருக்கும். இலங்கைக் கறுவா மெல்லிய பல அடுக்காகச் சுருண்டிருக்கும், விரலால் அழுத்தினாலே நொறுங்கும். சுருள் பட்டை என்று கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் தடித்ததையே போடலாம், அளவைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

வறுக்கும்போது மல்லியோடு சேர்த்துச் சீரகத்தையும் சோம்பையும் கொட்ட வேண்டாம். மல்லி சிவப்பதற்குள் சீரகம் கருகிவிடும். தனித்தனியாக வறுத்து, ஆறவிட்டு அரையுங்கள்.

வாங்கி வந்த கருஞ்சீரகம் வீணாகாது. அடுத்த முறை சப்பாத்தி மாவு பிசையும்போது ஒரு சிட்டிகை போடுங்கள்.